ஜமுக்காளத்தின் இடது பக்கம்

மனிதன் எப்படி நடக்கிறான் என்று என் அண்ணன் ஆராயத் தொடங்கிய பிறகு எங்கள் வீட்டில் ஒருவராலும் ஒழுங்காக நடக்க முடியவில்லை. முக்கியமாக என்னால்.

அது யுத்த காலம். அண்ணன் சென்னையில் டாக்டர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தான். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்தில் பாதிப் பேர் மூட்டை கட்டியபோது அவனும் ஒரு டிரங்குப் பெட்டியோடு ராஜபாளையம் வந்து இறங்கினான். பெட்டியில் துணிமணி குறைவு. தொடை எலும்பும் முழங்காலும் பக்கத்துக்குப் பக்கம் படம் போட்ட தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றும், தையற்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு அளவு நாடாவும்தான் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அவனுடைய வாத்தியார் சொல்லி அனுப்பியிருந்தாராம். யுத்தம் முடிந்தால் கால் போனவர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்புவார்கள், அவர்களுக்குக் கட்டைக்கால் பொருத்த வேண்டுமானால் கால் உள்ளவன் எப்படி நடக்கிறான் என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டும், ஊரில் சும்மா இருக்காமல் அதைக் கவனித்துவிட்டு வா என்று. நல்ல காரியம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் கவனிப்பதற்குக் கால் தேடி அவன் தெருவில் இறங்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு விரற்கடை குட்டையான ஒரு இடது கால் வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்க நடமாடிக்கொண்டிருந்தது. அது என்னுடைய கால்.

சின்ன வயதில் பருத்தி வண்டியின் மேலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டேன். மூங்கில் சிம்பு வைத்து, முட்டையும் உளுந்துமாவும் பூசிக் கட்டுப்போட்டார்கள். எலும்பு கூடிற்று, ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கூடிற்று. அதிலிருந்து இடது காலை ஊன்றும்போதெல்லாம் என் உடம்பு ஒரு பக்கம் இறங்கி ஏறும். சாயங்காலம் ஆனால் இடுப்பு எலும்புக்குள் ஏதோ உட்கார்ந்து குடைவதுபோல் இருக்கும். படுக்கும் முன்பு நானே வேப்பெண்ணெய் தேய்த்துக்கொள்வேன். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. நொண்டி என்றால் நொண்டுவாள், அவ்வளவுதான் என்று எல்லோரும் பழகிப்போயிருந்தோம்.

நான் எப்படி நடக்க வேண்டும் என்பதில் மட்டும் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. அப்பா முந்தின யுத்தத்தில் பஸ்ரா வரை போய் வந்த ஹவில்தார். அவருக்கு நடை என்றால் அணிவகுப்பு. முதுகை நிமிர்த்தி, முகவாயை உயர்த்தி, கையை வீசி வைத்தால் கால் தானாகச் சரியாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. நான் முற்றத்தைக் கடந்தால் போதும், நாற்காலியிலிருந்தே "லெஃப்ட், ரைட்" என்று ஆரம்பித்துவிடுவார். லெஃப்டில்தானே கோளாறு என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அம்மாவின் கட்சி நேர் எதிர். பொம்பளைப் பிள்ளை நடக்கிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது, குனிந்து, சின்னச் சின்ன அடியாக வைத்தால் நொண்டுவது தெரியாது என்பாள். நிமிர்ந்தால் அம்மா திட்டுவாள், குனிந்தால் அப்பா திட்டுவார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மூன்றாவதாக அண்ணன் வந்து சேர்ந்தான், புத்தகத்தோடு.

முதல் வேலையாக அடுப்புச் சாம்பலைச் சலித்து, வாசலிலிருந்து தெரு வரை நீளமாக ஒரு பட்டை பரப்பினான்.

"ஏட்டி, இதுமேல நட" என்றான்.

"எதுக்கு?"

"காலடி விழும்லா. அதை அளக்கணும்."

நடந்தேன். "நீ நடிக்க. எப்பவும் போல நட" என்றான். மறுபடி நடந்தேன். அதுவும் நடிப்பாம். ஒருத்தன் குத்த வைத்து உட்கார்ந்து நம் குதிகாலையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்பவும் போல எப்படி நடப்பது? கையை எங்கே வைப்பது என்றுகூட மறந்துபோகிறது. அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், பார்க்கிறார்கள் என்று தெரிந்த நிமிஷமே உலகத்தில் ஒருவருக்கும் நடக்கத் தெரியாமல் போய்விடும். தபால்காரரை நடக்கச் சொன்னான். வாழ்நாள் முழுக்க நடந்தே பிழைத்த மனுஷர், வலது காலும் வலது கையும் ஒரே நேரத்தில் முன்னால் போக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு நடந்தார். அப்பா நடந்தார். சாம்பல் முழங்கால் உயரத்துக்குப் பறந்தது.

இது போதாதென்று, எங்கள் வீடு வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். வாசலில் கோலம் போடுகிற பழக்கம் கிடையாது. திடீரென்று ஒருநாள் காலையில் வெள்ளையாக ஒரு பட்டை கிடந்தால் தெருவில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள்? கோலம் என்று நினைத்தவர்கள் மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். அடுத்த வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள் மட்டும் நின்று பார்த்தாள். அண்ணன் குனிந்து என் காலடியை நாடாவால் அளந்து, விளிம்பில் கொஞ்சம் சாம்பலை விரலால் கிள்ளி எடுப்பதையும் பார்த்தாள். "ஏமிட்டி இதி?" என்று கேட்டாள். அவன் நடையைப் பற்றி விளக்கினான். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. காலடி மண் எடுத்துத்தான் செய்வினை வைப்பார்கள் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. அன்று மத்தியானத்துக்குள் எங்கள் தெருவில் பிள்ளைகளை எங்கள் வீட்டுப் பக்கம் விடுவதில்லை என்று ஆயிற்று. பால்காரி செம்பை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடினாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்புட்டுப் படிச்சு கடைசில சாம்பல்ல வந்து நிக்கான் பாரு" என்றாள்.

அண்ணனுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. என் இடது காலடியில் முன்பாதி மட்டும் விழுந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். "ஏட்டி, ஒனக்கு இடது குதிகால் தரையிலயே படல" என்று, புதையல் கிடைத்தவன்போல் கூவினான். நல்ல கால் உள்ளவன் முதலில் குதிகாலை ஊன்றுவான், பிறகு பாரம் பாதத்தின் வெளி விளிம்பு வழியாக உருண்டு முன்னால் போகும், கடைசியில் கட்டை விரல் தரையை உந்தித் தள்ளும், அந்த உந்தலில்தான் அடுத்த அடி பிறக்கிறது என்றான். நீ குட்டைக் காலை நீட்டிக் கொள்வதற்காக இடது பக்கம் நுனிக்காலிலேயே நடக்கிறாய் என்றான். எனக்குத் தெரியாதா? அது என் கால்தானே. பத்து வருஷமாக என் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது எதற்கு என்று நினைத்தான்?

இன்னொரு நாள் என் இடுப்பில் குறுக்கே ஒரு விளக்குமாற்றுக் குச்சியைக் கட்டினான். நடக்கும்போது ஒரு காலைத் தூக்கினால் அந்தப் பக்கத்து இடுப்பு கொஞ்சம் தாழும், மறுபக்கத்துத் தசை இழுத்துப் பிடிக்கும், இது எல்லோருக்கும் உள்ளதுதான், எனக்கு எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்க வேண்டுமாம். இடுப்பில் குச்சி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க நான் கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். வாசற்படியில் குச்சி தட்டி மாட்டிக்கொண்டேன். எனக்கு வந்த கோபத்தில் குச்சியை முறித்து அடுப்பில் போட்டேன். இடுப்பு எத்தனை தாழ்கிறது என்று கண்டுபிடித்தவன், அந்த இடுப்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் ஒரு நன்மை நடந்தது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். அளந்ததெல்லாம் போதும் என்று தோன்றியபோது அண்ணன் கடைத்தெருவில் செருப்புத் தைப்பவரிடம் போய் எனக்கு ஒரு ஜோடி சொல்லிச் செய்தான். வலதுக்குச் சாதாரணமாக ஒரு அட்டை. இடதுக்குத் தோலை அடுக்கடுக்காக வைத்துத் தைத்து இரண்டு விரற்கடை உயரம். போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். என் இடது குதிகால் தரையைத் தொட்டது. உடம்பு இறங்கவில்லை. அடுத்த அடி தானாக முன்னால் வந்தது. தெருக்கோடி வரை போய்த் திரும்பினேன், மறுபடி போனேன். அன்று சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடவில்லை. சந்தோஷத்தில் அண்ணனுக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன். அவன் சாப்பிட்டுக்கொண்டே என் முழங்காலைப் பார்த்தான்.

பொம்பளைப் பிள்ளைக்குச் செருப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் வீட்டுக்குள் வரும்போது வாசலில் கழற்றித்தான் ஆக வேண்டும். கோவிலிலும் அப்படித்தான், பாயில் உட்கார்ந்துதான் ஜெபம். அதனால் வெளியே நேராகவும் உள்ளே கோணலாகவும் இரண்டு பெண்களாக இருந்தேன். எங்களில் ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

இந்த நேரத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளையை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன். அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அறுப்பின் பண்டிகைக்கு நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தபோது காணிக்கைப் பொருள்களின் ஏலத்தில் ஒரு பெரிய பறங்கிக்காயைப் போட்டிக்குக் கேட்டு எடுத்துவிட்டு, அதைத் தூக்க முடியாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இரண்டு பாதமும் வெளிப்பக்கம் விரிய, வாத்து மாதிரி நடந்து போனார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அதற்கு முன்பு வந்த இரண்டு இடங்கள் கால் என்றதும் திரும்பிப் போயிருந்தன. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, தொலைந்தது என்றிருந்தேன். இது தவறிப்போகக் கூடாது என்று மட்டும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

இரண்டு பக்கத்துக்கும் பேசியவர் எங்கள் சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியார். அவர் வந்து சொன்னார். "மாப்பிள்ளைக்கு அப்பா இல்ல. எல்லாம் அம்மாதான். அந்த அம்மா சொன்னாத்தான் காரியம். வெள்ளிக்கிழமை வாராக."

"காலைப் பத்தி என்ன சொன்னீரு?" என்று அப்பா கேட்டார்.

"சொல்ல வேண்டியதச் சொல்லிருக்கேன்."

எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் ஒன்றும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கேட்டார்களா? கேட்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதற்குத்தானே காப்பித் தட்டைக் கொடுத்து அடுப்படியிலிருந்து அனுப்புவது. செருப்போடு வந்து நிற்க முடியாது. வெறுங்காலோடு வந்தால் முதல் அடியிலேயே தெரிந்துவிடும். அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா தைரியம் என்ற தலைப்பில் பேசினார். அண்ணன் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு சொன்னான்.

"செருப்பத்தானே கழட்டணும். தரையை ஒசத்தினா?"

அடுப்படி வாசலிலிருந்து விருந்தாளிகள் உட்காரும் இடம் வரை பெரிய ஜமுக்காளத்தை விரிப்பது, அதன் அடியில் இடது பாதம் படும் பாதியில் மட்டும் கம்பளியை இரண்டு விரற்கடை உயரத்துக்கு மடித்து வைப்பது. இதுதான் திட்டம். வலது கால் தாழ்ந்த தரையில், இடது கால் உயர்ந்த தரையில். உடம்பு சமம். கேட்கும்போது எனக்கே புத்திசாலித்தனமாகத்தான் பட்டது, அதுதான் இன்றைக்கும் எரிச்சல். அப்பா பெட்டியைத் திறந்து பட்டாளத்துக் கம்பளிகளை எடுத்துக் கொடுத்தார். மடிப்பு பிசகாமல் அவரே மடித்து வைத்தார். அதுவரை ஒன்றிலும் ஒத்துப்போகாத மூன்று பேரும் என் காலை மறைப்பதில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

ஒத்திகை நடந்தது. அண்ணன் அடுப்படி வாசலில் நின்று என் முதுகைப் பார்ப்பான். நான் தட்டோடு நடந்து முன்னறைக்கு வருவேன். நேராக, அழகாக, குச்சி கட்டிப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாதபடி. உடனே கத்துவான். "திரும்பி அதுமேல வராத, மடிப்பு கலையும். வாசல் வழியா எறங்கிச் சுத்தி வா." நான் வாசலில் இறங்கி, வீட்டைச் சுற்றி, கொல்லைப்பக்கமாக மறுபடி அடுப்படிக்கு வருவேன். மறுபடி நடப்பேன். எத்தனையோ தடவை நடந்தேன். எத்தனையோ தடவை சுற்றினேன். எலும்பு, தசை, நரம்பு எல்லாம் படித்தவன் அவன். பட்டாளம் போய் வந்தவர் அப்பா. வீட்டு நடப்பு தெரிந்தவள் அம்மா. நானும் ஒன்றும் மடச்சி இல்லை. நாலு பேரில் ஒருவர் மூளையிலும் அது உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். அவர், அவருடைய அம்மா, கூட உபதேசியார். அந்த அம்மாள் ஒல்லியான மனுஷி, வெள்ளைச் சேலை, பேச்சு குறைவு. நான் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். உபதேசியார் ஜெபம் பண்ண ஆரம்பித்தார். ஏதேன் தோட்டத்தில் தொடங்கி ஈசாக்குக்குப் பெண் பார்த்தது வரை வந்தார். காப்பி ஆறியது. ஆமென் என்றதும் அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

நடந்தேன். ஆண்டவரே, எப்படி நடந்தேன். தட்டில் ஒரு டம்ளர்கூட அசையவில்லை. அவர் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார், பறங்கிக்காயோடு சிரித்த அதே சிரிப்பு. அவருடைய அம்மா மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் மேற்கூரையைப் பார்த்தார். ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது, ஆனால் என்னவென்று புரியவில்லை. காப்பியைக் கொடுத்துவிட்டு நின்றேன்.

"உள்ள வாம்மா" என்று அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

திரும்பினேன். திரும்பியதும் மேடு வலது பக்கம் வந்துவிட்டது.

வந்தவள் திரும்பிப் போக வேண்டும் என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். போகும்போது நல்ல கால் உயரத்தில், குட்டைக் கால் பள்ளத்தில். இரண்டு விரற்கடை நாலு விரற்கடை ஆயிற்று. முதல் அடியிலேயே சாய்ந்து தட்டு கைநழுவிக் கணகணவென்று உருண்டது. தடுமாறி நின்றேன். அடுப்படி வாசலில் அண்ணன் முகம் வெளுத்து, கையைக் கையை ஆட்டி, "பின்பக்கமா நட, பின்பக்கமா" என்று தொண்டைக்குள் சொன்னான். விருந்தாளிகளைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போக வேண்டுமாம், அப்போது மேடு இடது பக்கமே இருக்குமாம். அந்த நிலைமையிலும் அவனுக்குக் கணக்கு வந்தது பாருங்கள். எனக்கு அவனைக் கொன்றுபோடலாம் போல் இருந்தது. ஜமுக்காளத்தை விட்டு வெறுந்தரையில் இறங்கினேன். எப்பவும் நடக்கிறதுபோல, இறங்கி ஏறி, இறங்கி ஏறி, உள்ளே போனேன்.

பின்னால் அந்த அம்மாளின் குரல் கேட்டது. எழுந்து வந்து ஜமுக்காளத்தைக் காலால் தடவிப் பார்த்திருக்கிறார்.

"இது என்ன, ஒரு பக்கம் மட்டும் மேடா இருக்கு?"

அப்பா பஸ்ராவில் துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர். பொய் மட்டும் வராது.

"கம்பளி" என்றார்.

மறுவாரம் உபதேசியார் பதில் கொண்டு வந்தார். சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது. "வாறப்ப ஒரு நட, போறப்ப ஒரு நட. இப்பிடிப்பட்ட வீட்டுல எப்பிடிச் சம்பந்தம் வைக்கதுன்னு அவிய கேக்காக" என்றார். எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்தது. கம்பளி கொடுத்தது யார் என்று அம்மா, யோசனை சொன்னது யார் என்று அப்பா. அண்ணன் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். வருத்தப்படுகிறான் என்று நினைத்தேன்.

"ரெண்டு ஜமுக்காளம் போட்டிருக்கணும். வர ஒண்ணு, போக ஒண்ணு" என்றான்.

சலித்து வைத்திருந்த சாம்பல் ஒரு சட்டி நிறைய இருந்தது. அதை எடுத்து அவன் தலையில் கொட்டினேன். அப்பா தடுக்கவில்லை.

இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. எனக்கு அவமானத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். நொண்டி என்று வேண்டாம் என்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் கால் என்ன செய்யும்? ஆனால் அந்த வீட்டில் என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மனுஷரும் அப்படித்தான் நினைப்பார். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சேலையைக் கட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பு ஒன்றைக் கட்டியிருப்பார்கள், அதன் வாயுவில்தான் வண்டி ஓடும், கண்டக்டர் இறங்கி இறங்கி அடுப்பின் காற்றாடிச் சக்கரத்தைச் சுற்றி அனலை மூட்டுவார். ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். அது என்னைவிட மோசமாக நொண்டியது. தனியாக ஒரு பெண் வருகிறாளே என்று பக்கத்தில் இருந்த கிழவர் எங்கே போகிறாய், யார் வீடு, கூட யாரும் வரவில்லையா என்று கேட்டுக்கொண்டே வந்தார். நடந்து காட்டப் போகிறேன் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, தேர் நிற்கிற வீதியைத் தாண்டி, பள்ளிக்கூடத்துத் தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார், நல்லதாய்ப் போயிற்று. அவருடைய அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுளகு நின்றுவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றினேன். அந்த அம்மாள் வா என்று சொல்லும் முன்பே உள்ளே நுழைந்தேன். சிமெண்டுத் தரை, வெறும் தரை. அவர் முன்னால் கொல்லைக் கதவு வரை நடந்து போனேன். திரும்பி, வாசல் வரை நடந்து வந்தேன். இறங்கி ஏறி, இறங்கி ஏறி.

"இதுதான் என் நட" என்றேன். "வாறப்பவும் இதுதான், போறப்பவும் இதுதான். கம்பளி எனக்குத் தெரியாம வச்சது இல்ல. தெரிஞ்சுதான் நடந்தேன். ஒங்க மகனை எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதான் நடந்தேன். சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன். போறேன்."

இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் சுளகைக் கீழே வைத்தார்.

"நீ தாங்கித் தாங்கி நடக்கிற பிள்ளன்னு உபதேசியார் மொதல்லயே சொல்லிட்டாரு. என் மவனும் சரின்னுட்டான். நான் ஒன்னப் பாக்கத்தான் வந்தேன், ஒன் காலப் பாக்க வரல. வந்து பாத்தா, நொண்டுற பிள்ளைன்னு சொன்ன பிள்ள தேர் மாதிரி வருது. வேற பிள்ளையக் காட்டுதாகளோன்னு நெனச்சேன்."

எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. முன்னாலேயே தெரிந்தவர்களிடமிருந்து மறைப்பதற்கா அத்தனை கம்பளி, அத்தனை ஒத்திகை, அத்தனை தடவை வீட்டைச் சுற்றினேன்?

அவர் எழுந்து என்னைத் தாண்டி வாசலுக்குப் போனார். வெளியே போகச் சொல்கிறார் என்று நினைத்து நானும் பின்னால் போனேன். அவர் குனிந்து என் செருப்புகளைப் பார்த்தார். ஒன்று தட்டை, ஒன்று தடிமன்.

"இது என்னது, இம்புட்டு ஒசரம்?"

"எங்க அண்ணன் செய்யச் சொன்னது. இதப் போட்டா கால் ரெண்டும் சமமாயிரும்."

"நடந்தா வலிக்குமா?"

இந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அளந்தார்கள், அதட்டினார்கள், குச்சி கட்டினார்கள், கம்பளி விரித்தார்கள்.

"வலிக்கும். இடுப்புல."

"இதப் போட்டா?"

"வலிக்காது."

"அப்ப எதுக்குக் கழட்டுன?" என்றார்.

வீட்டுக்குள் செருப்போடு வரக் கூடாதே என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் அந்த இரண்டையும் தன் கையால் எடுத்து, அடியில் இருந்த மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்து, உள்ளே கொண்டுவந்து சிமெண்டுத் தரையில் என் காலடியில் வைத்தார். இவ்வளவுதான் விஷயம். டாக்டருக்குப் படித்தவனும் பட்டாளத்துக்காரரும் பெற்றவளும் நானும் சேர்ந்து தலையை உடைத்துக்கொண்டோமே, செருப்போடு நடக்கட்டும் என்று எங்களில் ஒருவருக்குத் தோன்றியதா? அந்த எரிச்சலில்தான் எனக்கு அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை. அவர் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

"செத்த நேரம் உக்காரு. அவன் மத்தியானம் சாப்பிட வருவான்" என்றார். பிறகு அடுப்படிக்குத் திரும்பிக்கொண்டே, "ஒங்க அப்பாவ வரச் சொல்லு. கம்பளி கொண்டாற வேண்டாம்னு சொல்லிரு" என்றார்.

செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். அப்பாவின் கம்பளி இல்லாமல் ஒரு வீட்டுக்குள் நான் நேராக நடந்தது அன்றுதான் முதல் தடவை.